வாசகர் கேள்வி–பதில்: கிம் ஷெல்ஸ்ட்ரோமின் இடது கால்

ஸ்வீடனின் நடுக்கள ஆட்டக்காரர் கிம் ஷெல்ஸ்ட்ரோம் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஆங்கில வர்ணனையில் 'கால்ஸ்ட்ராம்' என்று கேட்டிருப்பீர்களே, அவர்தான். பாதிக்கும் மேற்பட்ட கேள்விகள் இங்கிலாந்தின் அர்செனல் கிளப்பில் அவர் ஆடிய 2014 பற்றியே இருந்தன. அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

கேள்வி: அர்செனலுக்காக மொத்தமே 4 ஆட்டம் ஆடியவர். அதற்கும் முதுகெலும்பு முறிவோடு வந்து சேர்ந்தார். இவரைப் பெரிய ஆட்டக்காரர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அந்த 4 ஆட்டங்களை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். ஸ்வீடன் தேசிய அணிக்கு 131 ஆட்டம், 16 கோல். அந்நாட்டு ஆண்கள் அணியில் இதைவிட அதிகம் ஆடியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்: ஆண்டர்ஸ் ஸ்வென்சன் 148, கோல்கீப்பர் தாமஸ் ரவெல்லி 143, ஆண்ட்ரியாஸ் இசாக்சனும் செபாஸ்தியன் லார்சனும் தலா 133. அணியின் நட்சத்திர முன்வரிசை ஆட்டக்காரர் இப்ராஹிமோவிச்சே 122-இல் நின்றுவிட்டார். 2004, 2008, 2012, 2016 என நான்கு ஐரோப்பியக் கோப்பைகளில் ஆடினார், நடுவில் 2006 உலகக்கோப்பையிலும்.

கிளப் கணக்கு இப்படி: யூர்கோடன் அணியோடு 2002, 2003 இரண்டு ஆண்டும் ஸ்வீடன் லீக் பட்டம், 2002-இல் ஸ்வீடன் கோப்பையும் சேர்த்து. பிறகு பிரான்ஸில் ரென். அடுத்து லியோனில் 6 சீசன்: 2007, 2008 லீக் பட்டங்கள், 2008, 2012 பிரெஞ்சுக் கோப்பைகள், 2010-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. அந்த ஆண்டு லியோன் ரியல் மாட்ரிட்டை வெளியேற்றியது. அரையிறுதியில் பேயர்னிடம் தோற்றது. 2012-இல் ஸ்பார்டக் மாஸ்கோ, 2015-இல் சூரிச்சின் கிராஸ்ஹாப்பர், 2017-இல் மறுபடி யூர்கோடன், அந்த ஆண்டின் முடிவில் ஓய்வு.

இங்கிலாந்து லீக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு இவர் ஒரு வேடிக்கைச் செய்தியாக நின்றுபோனதில் எங்களுக்கு வருத்தம் உண்டு. லியோனில் ஆடிய 6 ஆண்டுகளைத் தவிர்த்துவிட்டு அவரைப் பற்றிப் பேசுவது நியாயமே இல்லை.

கேள்வி: மருத்துவப் பரிசோதனையில் எலும்பு முறிவு தெரிந்தும் ஒரு பெரிய கிளப் எப்படி ஒப்பந்தம் போட்டது? பரிசோதனை சும்மா சடங்குதானா?

சடங்கு இல்லை. அன்று முறிவைக் கண்டுபிடித்ததே அந்தப் பரிசோதனைதான். கைகொடுக்காதது நேரம்.

முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்க்க வேண்டும். ரஷ்ய லீக்கில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை குளிர்கால விடுமுறை. அந்த இடைவெளியில் அணிகள் வெப்பமான நாடுகளில் முகாம் போடும். ஸ்பார்டக் 2014 ஜனவரியில் அபுதாபியில் இருந்தது. அங்கே கடற்கரை மணலில் கால்பந்து ஆடும்போது ஷெல்ஸ்ட்ரோம் முதுகு தரையில் பட விழுந்தார். வலி இருந்தது. ஆனால் கீழ்முதுகு வலி நடுக்கள ஆட்டக்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. தசைப்பிடிப்பா எலும்பா என்பது எம்.ஆர்.ஐ. எடுக்காமல் தெரியாது.

இங்கிலாந்தில் அர்செனலுக்கு நடுக்களத்தில் ஆள் இல்லை. ஆரோன் ராம்சே காயத்தில் இருந்தார். மத்தியூ ஃப்ளாமினி ஜனவரி 28-இல் சவுத்தாம்ப்டனுக்கு எதிராகச் சிவப்பு அட்டை வாங்கித் தடையில் இருந்தார். டிரான்ஸ்ஃபர் சாளரம், அதாவது கிளப்கள் ஆள் சேர்க்க அனுமதி உள்ள காலம், மூடியது ஜனவரி 31. லோன் (தற்காலிகமாக ஆளை இரவல் வாங்குவது) பேச்சு கடைசி நாளில்தான் முடிந்தது.

அத்தகைய நாளில் வேலை நடக்கும் வரிசை இது. ஆட்டக்காரர் வந்து இறங்கியதும் ரத்தம், சிறுநீர் மாதிரிகள் எடுப்பார்கள். அடுத்தது இதயம்: ஈ.சி.ஜி., எக்கோ. இதில் சந்தேகம் வந்தால் பேச்சே அத்தோடு நின்றுவிடும். பிறகு மூட்டுகள்: முழங்கால், கணுக்கால், இடுப்பு, இவற்றோடு கீழ்முதுகுக்கும் எம்.ஆர்.ஐ. அவகாசம் இருந்தால் தசை வலிமைச் சோதனை, ஓட்டச் சோதனை, பழைய கிளப்பின் காய ஆவணங்களை வாங்கிப் படிப்பது எல்லாம் நடக்கும். இதற்கு இரண்டு நாள் கிடைத்தால் மருத்துவர்கள் நிம்மதியாக வேலை பார்ப்பார்கள். கடைசி நாளில் எல்லாவற்றையும் சில மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும்.

இன்னொரு அறையில் காகித வேலை ஓடிக்கொண்டிருக்கும். வேறு நாட்டுக் கிளப்பிலிருந்து ஆள் வருவதால் இரு கிளப்களும் ஃபிஃபாவின் டிரான்ஸ்ஃபர் மேட்சிங் சிஸ்டத்தில் தனித்தனியாக விவரங்களைப் பதிய வேண்டும். லோன் தொகை, காலம், தவணை எல்லாம் இரு பக்கமும் அச்சு அசலாக ஒத்துப்போனால்தான் சர்வதேசப் பரிமாற்றச் சான்றிதழ் வெளிவரும். ஓர் எண் மாறினாலும் அங்கேயே நின்றுவிடும். அதனால் மருத்துவ முடிவு கைக்கு வருவதற்குள் காகிதங்களைத் தயாராக்கி வைத்திருப்பார்கள்.

ஸ்கேனில் முள்ளெலும்பில் சிறு முறிவு தெரிந்தபோது அர்செனல் பயிற்சியாளர் வெங்கர் முன்னால் இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, பல வாரம் ஆட முடியாதவரைப் பதிவு செய்வது. மற்றொன்று, மே மாதம்வரை யாரும் இல்லாமல் இருப்பது. வேறொருவரைத் தேட நேரம் கிடையாது. இன்னும் ஓரிரு நாள் அவகாசம் இருந்திருந்தால் ஒப்பந்தம் போட்டிருக்க மாட்டோம் என்று வெங்கர் பின்னால் வெளிப்படையாகவே சொன்னார். எங்கள் கணிப்பில் அவர் எடுத்தது சரியான முடிவு. சீசன் முடியும்வரைதான் லோன். மார்ச், ஏப்ரலில் ஒரு நடுக்கள ஆட்டக்காரர் கிடைத்தாலே லாபம். அப்படித்தான் ஆயிற்று. மார்ச் 25-இல் ஸ்வான்சீக்கு எதிராக முதல் முறை களமிறங்கினார். ஏப்ரல் 12-இல் விகனுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி 1–1 என நீண்டபோது கூடுதல் நேரத்தில் மாற்று ஆட்டக்காரராக வந்து, பெனால்டி ஷூட்-அவுட்டில் அணியின் இரண்டாவது உதையை அடித்தார். கோல். அர்செனல் 4–2 என வென்று, அடுத்த மாதம் கோப்பையையும் எடுத்தது. 2005-க்குப் பிறகு அந்தக் கிளப்புக்குக் கிடைத்த முதல் கோப்பை அது.

கேள்வி: முதுகெலும்பு முறிந்தவர் 2 மாதத்துக்குள் ஆடியது எப்படி? எங்கள் கல்லூரி அணியில் ஒருவர் முதுகுவலியோடு ஆடிக்கொண்டிருக்கிறார்.

'முதுகெலும்பு முறிவு' என்றதும் தண்டுவடம் நசுங்கிய நிலை மனதில் வரும். இது அப்படியல்ல. எலும்பில் சிறு விரிசல். நரம்புக்குப் பாதிப்பில்லை, எலும்பு இடம் மாறவும் இல்லை என்றால் அறுவை சிகிச்சை தேவைப்படாது. ஓய்வில் எலும்பு தானே கூடும்.

கிளப்களில் இதைப் படிப்படியாகத்தான் செய்வார்கள். முதல் கட்டத்தில் ஓட்டமும் குதிப்பும் உதையும் கிடையாது. நடை, வலி அனுமதித்தால் நீரில் பயிற்சி. அடுத்தது வயிறு, முதுகு, பிட்டத் தசைகளுக்கான வேலை: முதுகை வளைக்காமல், முறுக்காமல் நிலைநிறுத்திப் பிடிக்கும் பயிற்சிகள். அதன்பின் நேர்கோட்டு ஓட்டம், அப்புறம் திரும்பி ஓடுவது. பந்தை முழு வலிமையில் உதைப்பது கடைசிக்கு முந்தைய கட்டம். இடித்து ஆடுவது கடைசி. ஒரு கட்டத்தில் வலி வந்தால் முந்தைய கட்டத்துக்குத் திரும்ப வேண்டும்.

பெரும்பாலும் தவறு நடப்பது உதைக்கும் கட்டத்தில். ஓடினால் வலிக்கவில்லை என்றதும் முழு வலிமையில் அடித்துப் பார்ப்பார்கள். உதைக்கும் நொடியில் இடுப்பு பின்னால் வளைந்து பக்கவாட்டில் முறுக்கி முன்னால் வருகிறது. கீழ்முதுகு முள்ளெலும்புகள் மேல் விழும் சுமை ஓட்டத்தில் இருப்பதைவிட முற்றிலும் வேறு. பாதி கூடிய எலும்பு மறுபடி விரிவது அங்கேதான்.

உங்கள் நண்பருக்கு: வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பின்னால் வளையும்போது ஒரே பக்கம் குத்தினாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கால் மரத்துப்போனால் அன்றே போக வேண்டும். வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. எச்சரிக்கும் வலியையே அது மறைத்துவிடும்.

கேள்வி: ஸ்வீடனில் இரண்டு பட்டம் வென்றவர் நேராகப் பெரிய கிளப்புக்குப் போகாமல் ரென் போன்ற நடுத்தர அணிக்கு ஏன் போனார்? அதுவும் சீசன் நடுவில், ஜனவரியில்?

ஜனவரிக்குக் காரணம் எளிது. ஸ்வீடனின் ஆல்ஸ்வென்ஸ்கன் லீக் வசந்தத்தில் தொடங்கி நவம்பர் வாக்கில் முடியும். குளிர்காலத்தில் அங்கே ஆட முடியாது. அதனால் ஜூலையில் கிளம்புபவர் தன் கிளப்பின் பட்டப் போட்டியை நடுவில் விட்டுவிட்டுப் போகிறார். ஜனவரியில் கிளம்பினால் சீசனை முடித்துக் கொடுத்துவிட்டு, சில வாரம் ஓய்வும் எடுத்துக்கொண்டு போகலாம். போய்ச் சேரும் இடத்தில் அது சீசனின் நடுப்பகுதி. மற்றவர்கள் ஆட்டச் சூட்டில் இருப்பார்கள், இவருக்கு நவம்பருக்குப் பின் ஒரு போட்டி ஆட்டம்கூட இருந்திருக்காது. முதல் ஐந்தாறு வாரம் மூச்சுத் திணறும். புதுக் கிளப் இதைப் புரிந்துகொண்டு மாற்று ஆட்டக்காரராக 20, 30 நிமிடம் என்று ஏற்றினால் தேறிவிடுவார். முதல் வாரமே 90 நிமிடம் ஆடவிட்டால் தொடைத் தசை கிழியும்.

இனி, ஏன் ரென்? ஷெல்ஸ்ட்ரோம் 1982-இல் சாண்ட்விகனில் பிறந்து, கோதன்பர்க் பக்கம் வளர்ந்து, ஹெக்கன் கிளப்பில் முதல் தரத்துக்கு வந்தவர். 2001-இலேயே, 18 வயதில், தேசிய அணிக்கு ஆடிவிட்டார். அதே ஆண்டு ஹெக்கன் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. அவர் யூர்கோடன் போனார். அங்கே ஸோரன் அக்கெபி, ஸோரான் லூக்கிச் என்ற இரட்டைப் பயிற்சியாளர்கள் சுறுசுறுப்பான தாக்குதல் ஆட்டம் ஆடவைத்தார்கள். 1966-க்குப் பிறகு அந்தக் கிளப் வென்ற முதல் பட்டம் 2002-இல் வந்தது. பந்தைக் கொண்டுபோய் முன்வரிசைக்குக் கொடுக்கும் வேலை இவருடையது. அப்படி வளர்ந்த 21 வயது இளைஞர் பெரிய கிளப்பின் பெஞ்சில் இரண்டு ஆண்டு உட்கார்ந்தால் கையில் இருப்பதும் போய்விடும்.

ரென் அவரை வாராவாரம் ஆடவைத்தது. லாஸ்லோ பெலோனி பயிற்சியில் அந்த அணி 2004–05 சீசனில் பிரெஞ்சு லீக்கில் 4-ஆம் இடம் பிடித்தது. கூடவே இசாக்சனும், பிறகு எரிக் எட்மனும் என்று சொந்த நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். இரண்டரை ஆண்டில் பிரெஞ்சு லீக்கின் வேகமும் உடல் மோதலும் பழகிவிட்டது. 2006 கோடையில் லியோன் வாங்கியபோது அவருக்குப் புதிதாக இருந்தது கிளப் மட்டும்தான்.

நேராகத் தாவி வென்றவரும் உண்டு. ஃப்ரெடி யுங்பெர்க் 1998-இல் ஹால்ம்ஸ்டாடிலிருந்து நேரே அர்செனல் போனார், 2002, 2004 லீக் பட்டங்களில் பங்கெடுத்தார். ஆனால் யுங்பெர்க்கின் பலம் பந்து இல்லாமல் பெனால்டி பகுதிக்குள் ஓடுவது. அதற்கு ஆட்டம் முழுவதும் தன் காலைச் சுற்றிச் சுழல வேண்டியதில்லை. ஷெல்ஸ்ட்ரோம் வகை ஆட்டக்காரருக்குப் பந்து நிறையக் கிடைத்தாக வேண்டும். புதியவனை நம்பிப் பந்தைக் கொடுக்கப் பெரிய கிளப்பில் யாரும் அவசரப்படமாட்டார்கள். எமில் ஃபோர்ஸ்பெர்க் 2015 ஜனவரியில் மால்மோவிலிருந்து அப்போது ஜெர்மனியின் இரண்டாம் பிரிவில் இருந்த லைப்சிக் அணிக்குப் போனதும் இதே கணக்குதான். அங்கே ஆட்டம் அவரைச் சுற்றி அமைந்தது, அணியோடு சேர்ந்து மேலே வந்தார்.

கேள்வி: இப்படி ஒருவர் விலைபோகும்போது சிறுவயதில் பயிற்சி கொடுத்த குட்டிக் கிளப்புக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். ஃபிஃபா விதியில் இதற்குத் தனிப் பங்கு இருக்கிறது. ஒப்பந்தம் முடியும் முன் ஒருவர் வேறு நாட்டுக் கிளப்புக்குத் தொகைக்குப் போனால், அந்தத் தொகையில் 5% எடுத்து, 12 வயது முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வரையிலான 4 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு மொத்தத் தொகையில் 0.25%. 16 முதல் 23 வரையிலான 8 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 0.5%. கூட்டினால் 1 + 4 = 5%.

உதாரணமாக 80 லட்சம் யூரோவுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் என்று வையுங்கள். மொத்தப் பங்கு 4 லட்சம் யூரோ. 13, 14, 15 வயதில் பயிற்சி கொடுத்த ஊர்க் கிளப்புக்கு ஆண்டுக்கு 20,000 வீதம் 60,000 யூரோ போகும். 16 வயதிலிருந்து 4 ஆண்டு வைத்திருந்த கிளப்புக்கு ஆண்டுக்கு 40,000 வீதம் 1,60,000. ஊர்க் கிளப்புக்கு 60,000 யூரோ பெரிய பணம்.

நடைமுறையில் இந்தப் பணம் தவறிப்போவது பதிவேட்டால்தான். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை சிறுவன் தங்கள் கிளப்பில் பதிவாகியிருந்தான் என்பதற்கு நாட்டுச் சங்கத்திடம் ஆவணம் இருக்க வேண்டும். நடுவில் ஓர் ஆண்டு புதுப்பிக்க மறந்திருந்தால் அந்த ஆண்டின் பங்கு கிடைக்காது. அடுத்தடுத்த டிரான்ஸ்ஃபர்களிலும் பங்கு உண்டு என்பதைப் பல கிளப்கள் கவனிப்பதில்லை.

ஸ்வீடனில் இதற்குக் கூடுதல் எடை இருக்கிறது. அங்கே கிளப்பின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி, 51% விதி என்பார்கள். வெளியிலிருந்து கோடீஸ்வரர் வந்து கிளப்பை வாங்கிவிட முடியாது. ஆளை வளர்த்து விற்பதே பெரிய வருமானம்.

கேள்வி: இவ்வளவு திறமை இருந்தும் 2008 ஐரோப்பியக் கோப்பையில் பெஞ்சில்தானே உட்கார்ந்திருந்தார்? பயிற்சியாளருக்கு இவரைப் பிடிக்காதா?

பிடிக்கவில்லை என்று நாங்கள் நினைக்கவில்லை. ஸ்வீடன் தேசிய அணி ஆடிய முறைக்கு இவர் முழுதாகப் பொருந்தவில்லை.

அந்த முறையின் வேர் 1970-களில் இருக்கிறது. பாப் ஹூட்டன் மால்மோவிலும், ராய் ஹாட்ஜ்சன் ஹால்ம்ஸ்டாடிலும் பயிற்சியாளர்களாக வந்து, பகுதி பிரித்துத் தடுக்கும் 4–4–2 ஆட்டத்தை (4 தடுப்பாளர், 4 நடுக்கள ஆட்டக்காரர், 2 முன்வரிசை ஆட்டக்காரர்) கொண்டுவந்தார்கள். இருவரும் இங்கிலாந்துக்காரர்கள். மால்மோ 1979-இல் கிளப்களுக்கான ஐரோப்பியக் கோப்பையில் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதிவரை போனது. அதன்பின் ஸ்வீடனில் இந்தப் பாணிதான் பாடத்திட்டம் போல ஆகிவிட்டது. 2008-இல் பயிற்சியாளராக இருந்த லார்ஸ் லாகெர்பெக்கின் தேசிய அணி அதன் சுத்தமான வடிவம்.

அதில் நடுவில் நிற்கும் இருவரின் முதல் கடமை இடம் காப்பது. பந்து இடப்பக்கம் போனால் இருவரும் சேர்ந்து இடப்பக்கம் நகர வேண்டும், இடைவெளி 10 மீட்டருக்கு மேல் விரியக்கூடாது. ஒருவர் முன்னால் போனால் மற்றவர் நிற்க வேண்டும். 2008-இல் அந்த இடங்கள் டேனியல் ஆண்டர்சனுக்கும் ஆண்டர்ஸ் ஸ்வென்சனுக்கும் போயின. ஷெல்ஸ்ட்ரோம் பந்தைத் தேடிப் பின்னால் இறங்கி வருபவர். நீளமான பாஸ் அடிக்க அங்கே அவருக்குப் பார்வை கிடைக்கும். ஆனால் அவர் இறங்கி வந்த இடத்தில் ஓட்டை விழும். லியோனில் நடுக்களத்தில் மூவர் ஆடினார்கள், அந்த ஓட்டையை அடைக்க மூன்றாமவர் இருந்தார். இருவர் மட்டும் நிற்கும் அணியில் அடைக்க ஆள் இல்லை.

பயிற்சியாளரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எங்கள் தரப்பைச் சொல்லிவிடுகிறோம்: ஸ்வீடன் அந்த ஆண்டுகளில் இன்னும் கொஞ்சம் துணிந்திருக்கலாம். 2009 கடைசியில் எரிக் ஹம்ரேன் பொறுப்பேற்றபின் ஷெல்ஸ்ட்ரோமுக்குப் பெரிய இடம் கிடைத்தது. அதன் பலன் அடுத்த பதிலில்.

கேள்வி: ஜெர்மனியுடனான 4–4 ஆட்டத்தில் அவர் என்ன செய்தார்? இப்ராஹிமோவிச்சின் ஆட்டம் என்றுதானே நினைத்திருந்தோம்?

2012 அக்டோபர் 16, பெர்லின், உலகக்கோப்பைத் தகுதிச் சுற்று. இடைவேளையில் ஜெர்மனி 3–0 முன்னணி. ஹம்ரேன் ஷெல்ஸ்ட்ரோமையும் அலெக்சாண்டர் கசானிக்லிச்சையும் இறக்கினார். 56-ஆவது நிமிடம் ஓசில் 4–0 ஆக்கினார். பிறகு 62-இல் இப்ராஹிமோவிச், 64-இல் மிக்கேல் லுஸ்டிக், 76-இல் யோகன் எல்மாண்டர், 90 நிமிடத்துக்குப் பின் சேர்க்கப்பட்ட நேரத்தின் 3-ஆவது நிமிடத்தில் ராஸ்மஸ் எல்ம். ஜெர்மனி சொந்த மண்ணில் 4 கோல் முன்னணியை விட்டது.

முதல் இரண்டு கோல்களுக்கும் பாஸ் ஷெல்ஸ்ட்ரோமுடையது. இரண்டுமே தடுப்பாளர் வரிசைக்கு மேலாகத் தூக்கிப் போட்ட பந்துகள். ஒன்று இப்ராஹிமோவிச்சின் தலைக்கு, மற்றொன்று வலப்பக்கம் ஓடிவந்த லுஸ்டிக்கின் காலுக்கு. 4 கோல் முன்னணியில் இருந்த ஜெர்மனி வரிசையை மேலே ஏற்றி நிறுத்தியிருந்தது. நடுக்களத்தில் பந்து வைத்திருப்பவரை நெருக்கவும் இல்லை. வரிசை மேலே, பந்து மேல் அழுத்தம் இல்லை: நல்ல இடது காலுக்கு இதைவிட வசதியான நிலை அமையாது.

அந்த இரண்டாம் பாதியை மறுபடி பார்க்கிறவர்கள் பந்தைப் பார்க்காமல் இவரைப் பாருங்கள். பந்து வருவதற்கு முன் எத்தனை முறை தலையைத் திருப்புகிறார், உடலைப் பாதி திறந்து வைத்து எப்படி வாங்குகிறார் என்று கவனியுங்கள். வாங்கியபின் முன்னால் பார்த்தால் தாமதம். அதற்குள் முன்வரிசை ஆள் ஆஃப்சைடுக்குப் போயிருப்பார்.

கேள்வி: இடது கால்காரன் நான். அவரைப் போல் தூக்கிப் போடும் பாஸும் கார்னரும் பழக வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

பாஸிலிருந்து ஆரம்பியுங்கள். 25 மீட்டர் தள்ளி ஒரு நண்பரை நிறுத்தி, நடுவில் 2 மீட்டர் உயரத்துக்கு ஏதாவது தடுப்பு வையுங்கள். பந்துக்குச் சற்றுச் சாய்வாக இரண்டு மூன்று அடி எடுத்து வாருங்கள். வலது கால், அதாவது ஊன்றும் கால், பந்துக்குப் பக்கத்தில் ஒரு பாத அகலம் தள்ளி, அரை பாதம் பின்னால் விழ வேண்டும். இடது பாதத்தின் பெருவிரல் அடி எலும்பை பந்தின் நடுக்கோட்டுக்குக் கீழே செலுத்துங்கள். கணுக்கால் இறுகியிருக்கட்டும். அடித்தபின் காலை முழுதாக வீச வேண்டாம், இடுப்பு உயரத்திலேயே நிற்கட்டும். பந்து பின்சுழற்சியோடு எழும்பி, இறங்கியபின் அதிகம் ஓடாமல் நிற்கும். ஓடிவருபவருக்கு அதுதான் வேண்டும்.

பந்து வானத்துக்குப் போனால் உடல் பின்னால் சாய்ந்திருக்கிறது, அல்லது ஊன்றுகால் மிகவும் பின்னால் இருக்கிறது. தடுப்பில் இடித்தால் பந்தின் நடுவில் அடித்திருக்கிறீர்கள். பக்கவாட்டில் வளைந்து போனால் பாதம் குறுக்கே வெட்டுகிறது. ஊன்றுகால் விரல்கள் இலக்கை நோக்குகின்றனவா என்று பாருங்கள். பந்தின் காற்றையும் சரிபாருங்கள். விதிப்படி அழுத்தம் 0.6 முதல் 1.1 அட்மாஸ்ஃபியர். காற்று குறைந்த பந்தில் பழகிய கணக்கு போட்டி நாளில் உதவாது.

அடுத்து கார்னர். இடது காலின் உட்பக்கத்தால் பந்தின் இடப்பாதியில் அடித்தால் பந்து வலப்பக்கம் வளையும். அதனால் மைதானத்தின் வலது மூலையிலிருந்து நீங்கள் அடிப்பது கோலை நோக்கி உள்ளே வரும், இடது மூலையிலிருந்து வெளியே போகும். வலது கால்காரருக்கு நேர் எதிர். ஸ்வீடன் அணியில் ஷெல்ஸ்ட்ரோமின் இடது காலும் செபாஸ்தியன் லார்சனின் வலது காலும் ஒரே நேரத்தில் களத்தில் இருந்தபோது, இரு மூலையிலிருந்தும் உள்ளே வளைவதா வெளியே வளைவதா என்று எதிரணிக்குக் கடைசிவரை தெரியாது. உங்கள் அணியிலும் அப்படி ஒரு வலது கால் நண்பரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இலக்கு: கோல் ஏரியா கோடு 5.5 மீட்டர், பெனால்டி புள்ளி 11 மீட்டர். இந்த இரண்டுக்கும் நடுவே பந்து தலை உயரத்தில் வந்து சேர வேண்டும். கார்னரில் முக்கால்வாசி வீணாவது அருகாமைக் கம்பத்தில் நிற்கும் முதல் தடுப்பாளரைத் தாண்டாததால்தான். காரணம் பெரும்பாலும் ஒன்றே: வளைவுக்கு ஆசைப்பட்டு மெல்லிதாக உரசுகிறார்கள், பந்தில் வேகம் இருப்பதில்லை. முதலில் வேகமாக, உயரமாக அடியுங்கள். வளைவு பிறகு வரும்.

ஃப்ரீ கிக் இதற்கெல்லாம் பிறகு. சுவர் 9.15 மீட்டரில் நிற்கும், குதித்தால் 2.3, 2.4 மீட்டர் எட்டும். கோல் கம்பத்தின் உயரம் 2.44. 25 மீட்டரிலிருந்து பந்து சுவருக்கு மேல் ஏறி, கோலுக்குள் இறங்கியாக வேண்டும். லியோனில் 2009 வரை இந்த உதைகளுக்கு உரிமைக்காரர் பிரேசிலின் ஜூனினோ. உலகிலேயே சிறந்த ஃப்ரீ கிக்காரருக்குப் பக்கத்தில் நின்றுதான் ஷெல்ஸ்ட்ரோம் 3 ஆண்டு பழகினார். ஒரு நாளைக்கு முழு வலிமையில் 25, 30 உதைக்கு மேல் வேண்டாம். கவட்டைத் தசையும் கீழ்முதுகும் முதலில் சோர்வது உங்களுக்குத் தெரியாது. சோர்ந்த காலில் பழகினால் தப்பான அசைவுதான் பதியும்.

கேள்வி: ஸ்வீடனின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருது வாங்கியிருக்கிறாரா?

இல்லை. 2007 முதல் 2016 வரை அது ஒவ்வோர் ஆண்டும் இப்ராஹிமோவிச்சுக்கே போனது. அதற்கு முன் 2002, 2006 இரண்டிலும் யுங்பெர்க்.

கேள்வி: லியோன் வழியாகப் போன ஸ்வீடன் நடுக்கள வீராங்கனை யாராவது உண்டா?

கரோலின் சேகர். ஷெல்ஸ்ட்ரோமைவிடப் பெரிய பெயர் என்றே சொல்வோம். லியோன் பெண்கள் அணியில் 2017 சாம்பியன்ஸ் லீக் வென்றவர், 2016 ரியோவிலும் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் வெள்ளி, தேசிய அணிக்கு 200-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். டோக்கியோ இறுதியில் கனடாவுக்கு எதிரான ஷூட்-அவுட்டில் தங்கத்தை முடித்துவைக்கும் 5-ஆவது உதை அவரிடம் வந்தது, பந்து கம்பத்துக்கு மேல் போனது. அவருக்கென்று தனி இதழே ஒதுக்கலாம், கேள்விகளை அனுப்புங்கள்.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு ஷெல்ஸ்ட்ரோம் என்ன செய்தார்?

ஸ்வீடன் கால்பந்துச் சங்கத்தில் கால்பந்து இயக்குநர் பொறுப்புக்கு வந்தார். 2024-இல் டென்மார்க்கின் யோன் டால் டோமாசன் தேசிய அணிப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டபோது அந்த நாற்காலியில் இருந்தவர் இவர்தான்.